இருட்டுக் குழாய்

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் கோபித்துக்கொள்கிற ஆள் இல்லை. ஆனால், "பேர் போட்டு ஒண்ணு, பேர் போடாம ஒண்ணுன்னு ரெண்டா எழுதி, ரெண்டையும் வேற வேற ஆளுக்குப் படிக்கக் குடுத்துப் பாத்தீகளா சார்? வித்தியாசம் எதுவும் தெரிஞ்சுதா?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் இருக்கிற ஒரு கல்லூரியில் நான் வேதியியல் பேராசிரியர். அவர் என்னிடம் பகுதிநேரமாக முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்தபோது அவருக்கு வயது நாற்பத்து மூன்று, எனக்கு நாற்பத்தைந்து. மாணவி என்ற சொல்லை விண்ணப்பப் படிவத்தில் எழுதியதோடு சரி, அதற்குப் பிறகு வாய் வரவில்லை. அவர் என்னை சார் என்பார், நான் அவரை மேடம் என்பேன். யாருக்கு யார் பயந்தார்கள் என்பது எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரியும்.

எங்களிடம் வருவதற்கு முன்பே பல வருஷமாக அவர் ராஜபாளையம் பக்கத்தில் பாண்டேஜ் துணி வெளுக்கிற ஆலை ஒன்றின் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்து வந்தார். அங்கே முக்கியமான சோதனை ஒன்றுதான். வெளுத்த துணியில் ஒரு துண்டு வெட்டித் தண்ணீரில் போட வேண்டும். உடனே மூழ்கினால் துணி ரத்தத்தை உறிஞ்சும். மிதந்துகொண்டிருந்தால் வெளுப்பு சரியில்லை, திருப்பி அனுப்ப வேண்டும். ஊரில் மற்ற எல்லோரும் ஒரு துண்டு போடுவார்கள். இவர் இரண்டு போடுவார். இன்னொன்று வெளுக்கவே வெளுக்காத முரட்டுத் துணி.

"அது மெதக்கும்னு தெரியுமே மேடம், எதுக்குப் போடணும்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"என்னைக்காச்சும் அதுவும் முங்கிருச்சுன்னா கோளாறு துணியில இல்ல, தண்ணியிலன்னு தெரிஞ்சுபோகும்ல சார்?"

இவ்வளவுதான் அவர். மீதியெல்லாம் இதையே அவர் வேறு வேறு இடங்களில் செய்தது.

வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். நாயிடமும் தெலுங்குதான். என்னிடம் தமிழ். கோபம் வந்தால் மட்டும் இங்கிலீஷ். அந்த நாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளை உடம்பும் ரோஸ் மூக்குமாக அசல் ராஜபாளையம் நாய். மகள் பிறந்தபோது மாமியார் ஒரு பிரபல ஜோசியரிடம் ஜாதகம் எழுதி வாங்கி வரச் சொல்லியிருக்கிறார். அந்த வாரம் வீட்டில் நாயும் குட்டி போட்டிருந்தது. இவர், மகள் பிறந்த நேரத்தோடு, ஒரு குட்டி பிறந்த நேரத்தையும் இன்னொரு தாளில் எழுதிக்கொண்டுபோய், "ரெண்டு பிள்ளைக்கும் எழுதிக் குடுங்க" என்று நீட்டிவிட்டார். ஜோசியர் இரண்டுக்கும் எழுதினார். நாய்க்குட்டிக்குப் பிடிவாதம் அதிகம், வெளியூர் வாசம், பெரிய மனிதர் வீட்டில் சாப்பாடு என்று வந்திருந்தது. ஆறே மாதத்தில் கோயம்புத்தூர்த் தொழிலதிபர் ஒருவர் அந்தக் குட்டியைத் தன் பண்ணை வீட்டுக்குக் காரில் ஏற்றிக்கொண்டு போனார்.

"அப்ப பலிச்சிருச்சே மேடம்!" என்றேன்.

"மகளுக்கும் அதேதான் எழுதிருந்தாரு. அவ இன்னும் பக்கத்து ஊரு சோழபுரத்தக்கூடத் தாண்டல" என்றார்.

கணவருக்கு மூட்டுவலி. மலையடிவாரத்துச் செண்பகத்தோப்புப் பக்கமிருந்து யாரோ ஒரு மூலிகை எண்ணெய் கொண்டுவந்து கொடுத்தார்கள். இவர் தினமும் வலது முழங்காலில் மூலிகை எண்ணெயும் இடது முழங்காலில் வெறும் கடலை எண்ணெயும் தேய்த்துவிட்டார். எது எந்த எண்ணெய் என்று அந்த மனிதருக்குத் தெரியாது. ஒரு மாதத்தில் இரண்டு காலும் குணமாகிவிட்டது. "ரெண்டுமே கேட்டுருச்சு சார். தேய்ச்சதுதான் மருந்து போல" என்றார். அதன் பிறகு அவர் கணவர் எங்கே என்ன வாங்கிச் சாப்பிட்டாலும், இது நிஜமா, சும்மாவா என்று மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவார். பாவம், நல்ல மனிதர்.

இப்படிப்பட்ட ஆளை நம்பித்தான் நான் வெயிலில் இருந்து எரிவாயு எடுக்கிற ஆராய்ச்சியைத் தொடங்கினேன்.

விஷயம் சிக்கலானது இல்லை. பாண்டேஜ் துணியைக் காரம் போட்டு வேகவைத்து வெளுத்த பிறகு, மிச்சம் இருக்கும் காரத்தை முறிக்கக் கடைசி அலசலில் அசிட்டிக் அமிலம் ஊற்றுவார்கள். வினிகருக்குப் புளிப்பு தருவது அதுதான். அந்தப் புளித்த தண்ணீர் பிறகு சாக்கடைக்குத்தான் போகும். அதில் டைட்டானியம் டை ஆக்சைடு என்கிற வெள்ளைப் பொடியைப் போட வேண்டும். பெயிண்டுக்கு வெள்ளை நிறம் தருகிற அதே பொடிதான். எங்கள் பொடியின் மேல் துளி பிளாட்டினம் ஏற்றியிருக்கும். கண்ணாடிக் குழாயில் ஊற்றி, நைட்ரஜன் விட்டு உள்ளே உள்ள காற்றை விரட்டி, ரப்பர் மூடியால் அடைத்து மொட்டை மாடி வெயிலில் வைக்க வேண்டும். வெளிச்சம் பட்டதும் பொடி அமிலத்தை உடைக்கும். மீத்தேன் வரும். அடுப்பில் எரிகிற வாயு. பொடி அப்படியே இருக்கும், வெயில் இலவசம், தண்ணீர் கழிவு. கேட்பவர்களுக்கு வாயில் எச்சில் ஊறும். ஊர் முழுக்க ஆலை. எங்கள் பக்கம் வெயிலுக்கும் பஞ்சம் இல்லை. மதியத்துக்கு மேல் மேற்கே மலையில் மேகம் இறங்கிவிட்டால் மட்டும் ஆராய்ச்சிக்கு லீவு.

இதில் அவருடைய சேர்மானம் இருட்டுக் குழாயின் உறைதான். வெயிலில் மூன்று குழாய் வைத்தால், அதே தண்ணீர், அதே பொடியுடன் இன்னும் மூன்று குழாயை வெளிச்சம் படாமல் மூடிப் பக்கத்திலேயே வைக்க வேண்டும். வெயில் குழாயில் வாயு வந்து, இருட்டுக் குழாயில் வராமல் இருந்தால்தான் அது வெளிச்சத்தின் வேலை. இதெல்லாம் எல்லோரும் செய்வதுதான். நாங்கள் அலுமினியத் தாளைச் சுற்றுவோம். அவர் அதை நம்பவில்லை. "ஒரு ஓட்டை விழுந்தாலும் நமக்குத் தெரியாது சார்" என்று வீட்டிலிருந்த பழைய குடைகளைப் பிரித்து, கறுப்புத் துணியில் இரட்டை மடிப்பு உறை தைத்துக் கொண்டுவந்தார். வாயில் நாடா கோத்த உறை. நாடாவை இரண்டு முடிச்சுப் போட்டு நுனியை உள்ளே செருகிவிடுவார். ஆலையில் துணி மாதிரிகளை மூட்டை கட்டிப் பழகிய கை. அதை அவிழ்க்க அவரால்தான் முடியும். எனக்கு இரண்டு தடவை நகம் போயிருக்கிறது.

முதல் இரண்டு வருஷம் கடையில் வாங்கிய சுத்தமான அமிலத்தை வைத்துத்தான் செய்தோம். வெயில் குழாயில் வாயு வந்தது, ஆனால் ஒரு கொட்டாவி அளவுதான். இருட்டுக் குழாயில் எப்போதும் சுழி. ஒவ்வொரு தடவையும் சுழி வரப்போகிறது என்று தெரிந்தும், அவர் முடிச்சை அவிழ்த்து, ஊசியால் வாயுவை உறிஞ்சி, அதை அளக்கிற இயந்திரத்துக்குள் விட்டு, வெறும் கோடாக வருவதைக் கடைசிவரை உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் சுழி போடுவார். எனக்குச் சினிமாவில் பெயர்ப் பட்டியல் முடியும்வரை எழுந்திருக்காதவர்கள் மேல் வருகிற எரிச்சல் வரும்.

இதற்கிடையில் சென்னையில் மருத்துவத் துணி தயாரிக்கிற ஒரு நிறுவனம் அவரைத் தரக்கட்டுப்பாட்டுக்குத் தலைமையாக வரச் சொல்லிக் கேட்டிருந்தது. பட்டம் கையில் இருக்க வேண்டும், வருஷக் கடைசிக்குள் வேண்டும் என்பது அவர்களுடைய நிபந்தனை. அவர் அதிகம் வெளியே காட்டிக்கொள்ளாத ஆசை அது. மகளை அங்கேயே படிக்க வைக்கலாம் என்று ஒரே ஒரு தடவை என்னிடம் சொல்லியிருக்கிறார். எனவே அந்த வருஷம் நிஜமான ஆலைத் தண்ணீரை வைத்து ஒரு நல்ல முடிவு வந்தால் ஆய்வேட்டை முடித்துவிடலாம் என்று திட்டம் போட்டோம். அவர் வேலை பார்த்த ஆலையின் முதலாளியே தொட்டியிலிருந்து இரண்டு கேன் தண்ணீர் கொடுத்து அனுப்பினார்.

அவர் ஆறு குழாயையும் நிரப்பி, மூன்றை மூடிக் கட்டி வைத்த அன்றைக்கு மத்தியானம் மாமனார் தவறிவிட்டதாகப் போன் வந்தது. "அஞ்சாம் நாள் நீங்க ரீடிங் எடுத்துருங்க சார். ஆறையும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஐந்தாம் நாள் எடுத்தேன். வெயில் குழாயின் கோடு ஏறியது ஏறியதுதான், தாளை விட்டே வெளியே போயிற்று. இரண்டு வருஷமாகக் கொட்டாவி விட்ட குழாய், இப்போது ஏப்பம் விட்டது. மூன்று குழாயும் அப்படியே. இருட்டுக் குழாய்களைப் பார்த்தேன். அந்த முடிச்சுகளையும் பார்த்தேன். இரண்டு வருஷமாகச் சுழி. இனிமேல் வேறு என்ன வரப்போகிறது? நோட்டை எடுத்து, இருட்டுக் குழாய்க்கு நேரே சுழி, சுழி, சுழி என்று மூன்று போட்டேன். அதே சூட்டில் ஒரு மாநாட்டுக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்பினேன். முதலாளியையும் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை வந்து பார்க்கச் சொன்னேன்.

காரியம் முடிந்து அவர் திரும்பி வந்தார். நோட்டைப் பார்த்தார். முகத்தில் சந்தோஷம் ஒரு நிமிஷம் நிஜமாகவே வந்தது. எனக்கு அது இன்னும் நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் அதன் பிறகு அவர் கேட்டார்:

"இருட்டுக் குழாய் மூணுலயும் எடுத்தீகளா சார்?"

"எடுத்தேனே. எழுதியிருக்கு பாருங்க."

அவர் மாடிக்குப் போய் மூன்று உறைகளையும் எடுத்துவந்து என் மேஜையில் வரிசையாக வைத்தார். நாடாவில் இரண்டு முடிச்சு, நுனி உள்ளே செருகியிருந்தது.

"எடுத்துட்டுத் திரும்பக் கட்டி வச்சேன்" என்றேன். ஒரு பொய்க்கு இன்னொன்று துணைக்கு வந்தது.

"ரொம்ப நேர்த்தியாக் கட்டிருக்கீக சார். எனக்கே இம்புட்டு வராது" என்றார்.

முடிச்சை அவிழ்த்து, ஊசியை எடுத்து இயந்திரத்தின் முன் உட்கார்ந்தார். நான் பின்னால் நின்றேன். கோடு கொஞ்ச நேரம் தரையோடு போயிற்று. பிறகு எழும்பியது. வெயில் குழாயில் ஏறியது போலவே ஏறியது. இரண்டாவதும் அப்படி. மூன்றாவது இன்னும் கொஞ்சம் கூடவே வந்தது.

வெளிச்சமே படாத குழாயில் மீத்தேன் எப்படி வரும்? தொட்டியின் அடிச் சகதியில் குடியிருக்கிற நுண்ணுயிர்கள் விட்டது. அவற்றுக்கும் அசிட்டிக் அமிலம் பிடிக்கும், காற்று பிடிக்காது. நாங்கள் காற்றை விரட்டி, வெதுவெதுப்பான மாடியில் ஐந்து நாள் சாப்பாட்டோடு உட்கார வைத்திருக்கிறோம். எங்கள் வெள்ளைப் பொடிக்கும் பிளாட்டினத்துக்கும் அதில் பெரிய பங்கு எதுவும் இல்லை. சாணி எரிவாயுக் கலன் செய்கிற வேலையைத்தான் நாங்கள் மெல்லிய கண்ணாடியில் செய்திருந்தோம்.

அவர் ஸ்டூலிலிருந்து எழுந்திருக்கவில்லை. சென்னை வேலை போய்விட்டது என்று அவருக்கு அப்போதே தெரிந்திருக்கும். எனக்குத் தெரிந்தது. அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

"மேடம், இந்த மூணு குழாயையும் கொட்டிட்டா யாருக்கும் தெரியப்போறதில்ல. சுத்தமான அமிலத்துல இருட்டு எப்பவும் சுழிதான். அது பொய் இல்லையே" என்றேன். அவருக்காகச் சொன்னேன் என்றுதான் அப்போது நினைத்தேன். எனக்காகவும்தான்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"கொட்டிரலாம் சார். ஆனா அந்தப் பூச்சி நாளைக்கும் கேஸ் விடுமே, அத யாரு அடக்குறது?"

பிறகு நோட்டை என் முன்னால் நகர்த்தினார். "சுழிய அழிக்காதீக. ஒரே ஒரு கோடு, கீழ உள்ளது படிக்கத் தெரியுற மாதிரி. பக்கத்துல இப்ப வந்த ரீடிங். அதுக்குப் பக்கத்துல உங்க கையெழுத்து, தேதி."

மூன்று சுழியையும் அடித்தேன். கையெழுத்தும் போட்டேன். எறும்பு ஊர்ந்த அளவில் போட்டேன்.

"லீவு லெட்டர்ல நீங்க போடுறது இம்புட்டுச் சின்னதாவா இருக்கும்?" என்றார். பெரிதாகப் போட்டேன்.

மாநாட்டுக்கு அனுப்பியதைத் திரும்பப் பெற்றேன். ஆனால் முதலாளியைத் திருப்பி அனுப்ப முடியவில்லை. வெள்ளிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா ஒரு கிலோவோடு வந்து இறங்கிவிட்டார். அவர் முன்னால் மேடம் வெயில் குழாய் ஒன்றையும் இருட்டுக் குழாய் ஒன்றையும் வைத்தார்.

"அண்ணாச்சி, இது அஞ்சு நாள் வெயில்ல இருந்தது. இது இருட்டுல கெடந்தது. ரெண்டுலயும் ஒரே அளவு கேஸ். அதனால நாங்க சொன்ன வெயில் கதை இந்தத் தண்ணிக்குப் பொருந்தல."

முதலாளி இரண்டு குழாயையும் மாறி மாறிப் பார்த்தார். "கேஸ் வருதுல்லம்மா?"

"வருது."

"எரியுமா?"

"எரியும்."

"பொறவு என்ன? வெயில்ல வந்தா என்ன, இருட்டுல வந்தா என்ன? நீங்க பாட்டுக்கு மூஞ்சியத் தொங்கப் போட்டுருக்கீக!"

மூன்றே மாதத்தில் அவர் ஆலைக்குப் பின்னால் ஒரு மூடிய தொட்டி கட்டி, குழாய் இழுத்து, அடுப்பு வைத்துவிட்டார். தொழிலாளர்களுக்குக் காலையும் மாலையும் அதில்தான் டீ. வெளிச்சமும் வேண்டாம், பொடியும் வேண்டாம், பேராசிரியரும் வேண்டாம். எங்கள் ஆராய்ச்சியால் ஊருக்குக் கிடைத்த ஒரே பயன் அந்த டீதான். நான் போய்க் குடித்துப் பார்த்தேன். நன்றாகவே இருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல்.

மேடம் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். பல்கலைக்கழகத்தில் காலக்கெடுவை நீட்டிக் கேட்டோம். ஆலைத் தண்ணீரை வடிகட்டி, பாட்டிலோடு பிரஷர் குக்கரில் வைத்துப் பூச்சிகளைக் கொன்றுவிட்டு, அதன் பிறகு பொடியைப் போட்டு வெயிலில் வைத்தோம். எத்தனை விசில் என்று ஆய்வேட்டில் எழுத முடியாது என்பதால் அழுத்தம், நேரம் என்று எழுதினோம். பழையபடி கொட்டாவி அளவு வாயுதான் வந்தது. ஆனால் இருட்டுக் குழாய் சுத்தமாகச் சுழி. அந்தக் கொட்டாவி முழுக்க வெளிச்சத்தின் வேலை. மேலும் இரண்டு வருஷம் ஆயிற்று. சென்னை வேலைக்கு வேறு யாரோ போய்விட்டார்கள். அதைப் பற்றி அவர் ஒரு நாளும் என்னிடம் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அதனால்தான் பேசவில்லையோ என்றுகூட நினைத்திருக்கிறேன்.

ஆய்வேட்டின் பின்னிணைப்பில், நோட்டின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துச் சேர்த்திருந்தார். மூன்று சுழி, மூன்று கோடு, என் பெரிய கையெழுத்து. நான் வேண்டாம் என்றேன். "நடந்ததுதான சார்" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

வாய்மொழித் தேர்வு எங்கள் கருத்தரங்கக் கூடத்தில். முதல்வர், துறை ஆட்கள், அவருடைய கணவர், மகள், ஆலை முதலாளி எல்லோரும் இருந்தார்கள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஏட்டைப் புரட்டிக்கொண்டே வந்து, பின்னிணைப்பில் நின்றுவிட்டார்.

"இந்த எண்களை ஏன் அடித்திருக்கிறீர்கள்? இது உங்கள் கையெழுத்து போலத் தெரியவில்லையே. யார் எழுதியது?"

இவர் என்னைப் பார்க்கவில்லை. மேடையில் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகி மூடி, திருகித் திறந்துகொண்டிருந்தார். அவருக்குத் தெரியாத பதில் இல்லை. காத்துக்கொண்டிருந்தார்.

நான் எழுந்து நின்றேன். "என்னுடைய கையெழுத்து. அவர் ஊரில் இல்லாதபோது, குழாயைத் திறந்தே பார்க்காமல் நான் சுழி போட்டேன். அவர் வந்து கண்டுபிடித்தார்."

சொல்லி முடித்ததும் நெஞ்சு நிமிர்ந்தது. உண்மையைச் சொன்னவனுக்கு ஏதாவது மரியாதை நடக்கும் என்று எதிர்பார்த்தேன். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. தேர்வாளர் "ம்" என்று ஏதோ குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

பட்டம் பரிந்துரைக்கப்பட்டது. மகள் கட்டிப்பிடித்துக்கொண்டாள். கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூட்டம் கலைந்த பிறகு மேடம் இலைத் தொன்னையில் பால்கோவா கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். நான் கொஞ்சம் நெகிழ்ந்துபோய் இருந்தேன்.

"எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன் மேடம். இப்பதான் மனசு சரியாச்சு" என்றேன்.

"சந்தோஷம் சார். அத்தன பேரு பாத்துக்கிட்டு இருக்கும்போது சரியாத்தான் சொன்னீக" என்றார். பால்கோவாவில் ஒரு விள்ளலை வாயில் போட்டுக்கொண்டார். "இது வெயில் குழாய். இருட்டுக் குழாய் ரீடிங் இன்னும் வரல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் தொன்னையைக் கீழே வைத்தேன்.

அடுத்த வருஷம் அவர்கள் ஈரோட்டுக்குக் குடிபோய்விட்டார்கள். அங்கே ஏதோ ஒரு சோதனைக்கூடத்துக்குத் தலைமையாக இருக்கிறார். மகள் ஒருவழியாகச் சோழபுரத்தைத் தாண்டிவிட்டாள். ஜோசியர் கேள்விப்பட்டால் சந்தோஷப்படுவார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் துறைக்குப் போயிருந்தேன். வாட்ச்மேன்கூடக் கேட்டில்தான் இருந்தார். ஒரு குழாயின் ரீடிங் நான் எழுதிவைத்திருந்த கட்டுரைக்கு ஒத்துவரவில்லை. மற்ற ஐந்தும் அழகாக வந்திருந்தன. அந்த ஒன்றை எடுக்கவே இல்லை என்று விட்டுவிட்டால் கட்டுரை அன்றைக்கே முடிந்துவிடும். மேஜை இழுப்பறையில் அந்தக் குடைத்துணி உறைகளில் ஒன்று இன்னும் கிடக்கிறது. அதையே பார்த்துக்கொண்டு செத்த நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு வந்த எண்ணை வந்தபடி எழுதினேன். கட்டுரை கையை விட்டுப் போயிற்று.

உடனே அவருக்குச் சொல்ல வேண்டும்போல இருந்தது. இருட்டுக் குழாய் ரீடிங் வந்துவிட்டது மேடம் என்று. போனை எடுத்து அவர் எண்ணைத் தேடிக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. சொன்ன நிமிஷமே அது இருட்டு இல்லை. போனை வைத்துவிட்டேன்.

இப்போது உங்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். ஆக, அதுவும் போச்சு.